ஜப்பான் டாய்லெட்டுக்கு உள்ளே என்ன இருக்கு?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு பேச்சாகவே விடப்பட்டிருக்கிறது. "அதாவது", "ஆக்சுவலா" எல்லாம் முடிந்தவரை வெட்டப்பட்டிருக்கின்றன.)

இந்த எபிசோடை யாராவது சாப்பிட்டுக்கிட்டே கேக்கறீங்கன்னா, ஒரு பாஸ் போட்டுட்டு கை கழுவிட்டு வாங்க. இன்னைக்கு டாப்பிக் டாய்லெட்.

போன பிப்ரவரியில ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் ஒசாக்கா போயிருந்தேன். ராத்திரி பதினொண்ணரைக்கு ஹோட்டல் ரூமுக்குள்ள நுழையறேன், வெளிய எலும்பு வரைக்கும் குளிர். நேரா பாத்ரூம். சீட்ல உக்காந்த அடுத்த செகண்ட் எழுந்துட்டேன். சீட் சூடா இருந்தது. நம்ம ஊர் பஸ்ல சீட் சூடா இருந்தாலே "இப்பதான் யாரோ எழுந்து போயிருக்காங்க"ன்னு ஒரு மாதிரி இருக்கும் இல்லையா, அந்த ஃபீலிங். பூட்டின ரூம்ல யாருடா எனக்கு முன்னாடி உக்காந்தான்?

அப்புறம்தான் பார்த்தேன், சீட்டுல இருந்து ஒரு ஒயர் சுவருக்குப் போகுது. வலது கைப்பக்கம் ஒரு பேனல், பன்னெண்டு பட்டன், எல்லாத்துலயும் ஜப்பானிய எழுத்து. ஃப்ளஷ்னு நினைச்சு ஒண்ணை அமுக்கினேன். கீழ இருந்து 'உய்ங்'னு ஒரு சத்தம், ரெண்டு செகண்ட் அமைதி, அப்புறம் குறி தப்பாம வெதுவெதுப்பா தண்ணி. நிறுத்தற பட்டன் எதுன்னு தெரியல. எழுந்தா பீச்சியடிச்சு ரூமே நனைஞ்சிடும்னு பயந்து அப்படியே உக்காந்திருந்தேன். அது தானாவே நிக்கற வரைக்கும். [சிரிப்பு] எழுந்திருந்தா அந்த செகண்டே நின்னிருக்கும்ங்கறது மறுநாள் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சது. ஏன் நிக்கும்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல சிரிச்சேன். அப்புறம் ஆச்சி ஞாபகம் வந்தது.

எங்க ஆச்சிக்கு, அம்மாவோட அம்மா, திருநெல்வேலிப் பக்கம், ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்தது. இடது பக்கம். நடை ஓரளவு திரும்பிடுச்சு, வாக்கர் வச்சு பாத்ரூம் வரைக்கும் போவாங்க. இடது கை மட்டும் திரும்பல. நம்ம வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை. கழுவறதுக்கு இருக்கிற கை அது. வலது கையால கழுவச் சொன்னா ஆச்சி மாட்டவே மாட்டாங்க, அது சாப்பிடற கை. அதனால ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கூப்பிடணும். கூப்பிடறது பிடிக்காம, சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டாங்க. நான் சத்தம் போட்டா, "வேண்டாம்யா, ராத்திரி எத்தன மட்டம் உங்கம்மைய எழுப்ப?"ன்னு முகத்தைத் திருப்பிக்குவாங்க.

ஒசாக்காவுல அந்த சீட் என்கிட்ட ஒரு கையைக்கூடக் கேக்கல. ஒரு விரல்தான் கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி ஜெட்லாக்ல தூக்கம் வரல, மூணு மணி வரைக்கும் இதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். படிச்சதுல முதல் ஆச்சரியம் என்னன்னா, இந்தக் கதை ஜப்பான்ல ஆரம்பிக்கல.

நியூயார்க்ல ஆர்னால்ட் கோஹென்னு ஒருத்தர். அவரோட அப்பாவுக்கு ஆசனவாய்ல உபாதை, பேப்பரால துடைக்கறது நரகம். அப்பாவுக்காகவே தண்ணி பீச்சி, காத்தால உலர்த்தற ஒரு சீட்டை உருவாக்கினார் மகன். அப்புறம் அதையே கம்பெனி ஆக்கினார். 1964-ல அந்த அமெரிக்க சீட்டை ஜப்பானுக்கு இறக்குமதி பண்ணினது டோட்டோ, 1917-ல ஆரம்பிச்ச பீங்கான் கம்பெனி. வித்தது சொகுசுப் பொருளாவும் இல்ல. மூலநோய்க்காரங்க, பிரசவம் ஆனவங்க, கை முடியாதவங்கன்னு மருத்துவ உபயோகத்துக்கு. மூணு வருஷம் கழிச்சு இனாக்ஸ், அப்போ இனா செய்தோன்னு பேரு, உள்நாட்டுலயே ஒண்ணு தயாரிச்சாங்க. ஆக, நாம மீம் போட்டுச் சிரிக்கற அந்த 'ஹைடெக் டாய்லெட்'டோட முதல் யூசர், உடம்பு முடியாத ஒரு அப்பா.

அந்த இறக்குமதி மாடல் நல்லா வேலை செய்யல. தண்ணி திடீர்னு சூடாகும், திடீர்னு ஜில்லுனு வரும், போற திசையும் நிச்சயம் இல்ல. அதனால டோட்டோ சொந்தமா செய்ய உக்காந்தாங்க. இங்கதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி வருது, ரிக்வயர்மென்ட் கேதரிங்.

முதல் கேள்வி: எங்க அடிக்கணும்? டேட்டாவே இல்ல. எந்த மருத்துவப் புத்தகத்துலயும் 'சீட்டோட நுனியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர்'னு இருக்காது. அதனால சீட்டுக்குக் குறுக்க ஒரு கம்பியைக் கட்டி, கம்பெனி ஆட்களையே உக்கார வச்சு, கம்பியில அவங்கவங்க இடத்துல குறி வைக்கச் சொன்னாங்க. முன்னூறு பேருக்கும் மேல. யோசிச்சுப் பாருங்க, காலையில ஆபீஸ் போறீங்க, மேனேஜர் வந்து இதைக் கேக்கறார். [சிரிப்பு] ஆனா அப்படித்தான் நாசிலோட இடம் முடிவாச்சு. கோணம் 43 டிகிரி. பட்டுத் தெறிக்கற தண்ணி நாசில் மேலயே திரும்ப விழாம இருக்க அந்தக் கோணம். இதே மாதிரி உக்கார வச்சு, வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கி, தண்ணி 38 டிகிரி, சீட் 36 டிகிரி, உலர்த்தற காத்து 50 டிகிரின்னு எண்கள் வந்தது.

ரெண்டாவது கேள்வி இன்னும் பெருசு. அந்த 38-ஐ 38-லயே பிடிச்சு வைக்கணும்னா ஐசி வேணும். தண்ணியும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே பெட்டியில, அதுக்கு மேல உடையில்லாம ஒரு மனுஷன். ஷாக் அடிச்சா கம்பெனி அன்னைக்கே க்ளோஸ். டீம்ல ஒருத்தர் மழையில நடந்து போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்தாராம். கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டே அது பாட்டுக்கு வேலை செய்யுதே, எப்படி? அதுக்குள்ள இருந்தது பிசின் பூசி மூடின ஹைப்ரிட் ஐசி. அதையே இங்க கொண்டுவந்தாங்க. 1980 ஜூன்ல 'வாஷ்லெட்' வெளிய வந்தது.

வந்த உடனே யாரும் ஓடிப்போய் வாங்கிடல. இதைப் பத்திப் பொதுவுல பேசறதே அசிங்கம்னு நினைக்கற ஊர்தானே அதுவும். விளம்பரம் எழுத நகாஹதா தகாஷின்னு பிரபலமான காப்பிரைட்டர்கிட்ட போனாங்க. அவருக்கும் முதல்ல ஆர்வம் இல்ல. பொறியாளர் ஒருத்தர் அவர் கையில பெயின்ட்டைப் பூசி, பேப்பரால துடைக்கச் சொன்னார். போகல. கையில அழுக்குப் பட்டா எல்லாரும் கழுவறோம், அப்போ இதுக்கு மட்டும் ஏன் பேப்பர்? 1982-ல அந்த யோசனைதான் டிவி விளம்பரமா வந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒளிபரப்பாகி, திட்டி ஏகப்பட்ட ஃபோன். ஆனா விஷயம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இன்னைக்கு ஜப்பான்ல கிட்டத்தட்ட 80 சதவீத வீடுகள்ல இந்த மாதிரி ஒரு சீட் இருக்கு.

நம்மாளுங்க இந்த இடத்துல "நாங்க காலங்காலமா தண்ணிதான்பா"ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். நானும் அங்க தூக்கிவிட்டேன். ஆனா நாம கண்டுபிடிச்சது தண்ணியை மட்டும்தான். கை நம்மளதுதான். அந்தக் கை இல்லாதவங்களுக்கு நம்மகிட்ட பதில் இல்ல.

சரி, பெட்டிக்குள்ள போவோம். எனக்கு இதை ஒரு ஸ்டேட் மெஷினா பார்க்கப் பிடிச்சிருக்கு. முதல் கண்டிஷன், யாராவது உக்காந்திருக்காங்களா? சீட்ல இதுக்குன்னே ஒரு சென்சார் இருக்கு. ஆள் இல்லைன்னா எந்தக் கழுவற பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. நடுவுல எழுந்தா தண்ணி கட். நான் பயந்து உக்காந்திருந்தது சுத்த வேஸ்ட். ஆள் இருக்காங்கன்னா, நாசில் முதல்ல தன்னைத்தானே கழுவிக்கும். அந்த ரெண்டு செகண்ட் அமைதி அதுதான். அப்புறம் மோட்டார் நாசிலை வெளிய தள்ளும், வால்வு திறக்கும். முடிஞ்சதும் உள்ள போய் இன்னொரு தடவை கழுவிக்கும். சில மாடல்கள்ல குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரைடை மின்னாற்பகுப்பு பண்ணி, கிருமி கொல்ற தண்ணியா மாத்தி நாசிலையும் கோப்பையையும் அலசறாங்க. வெளிய இருந்து கெமிக்கல் எதுவும் ஊத்த வேண்டாம்.

தண்ணியைச் சூடாக்க ரெண்டு வழி. ஒண்ணு, உள்ள சின்னதா ஒரு டேங்க் வச்சு எப்பவும் வெதுவெதுப்பா வச்சிருக்கறது. விலை கம்மி, ஆனா டேங்க் தீர்ந்தா ஜில்லுனு அடிக்கும். இன்னொண்ணு, தண்ணி ஓடும்போதே சூடாக்கறது. இதுக்கு ஒரு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு அரை லிட்டர், குளிர்கால ஒசாக்கா தண்ணி 10 டிகிரின்னு வச்சுக்குங்க. அதை 38 ஆக்க கிட்டத்தட்ட 1000 வாட் வேணும். ஒரு எலக்ட்ரிக் கெட்டில் ரேஞ்ச். சென்னையில தண்ணியே 30 டிகிரியில வருதுன்னா 300 வாட் கூட வேண்டாம். மே மாசம் மொட்டை மாடி டேங்க் தண்ணிக்கு ஹீட்டர் தேவையில்ல, கூலர்தான் தேவை.

ஓடும்போதே சூடாக்கணும்னா தண்ணி கம்மியா இருக்கணும், ஆனா கம்மியா இருக்கறது உடம்புக்குத் தெரியக் கூடாது. 1999-ல டோட்டோ இதுக்கு ஒரு வழி கொண்டுவந்தாங்க: தண்ணியைத் தொடர்ச்சியா விடாம, செகண்டுக்கு எழுபது தடவைக்கு மேல துடிப்பு துடிப்பா விடறது. அவ்வளவு வேகத்துல தோலுக்கு அது ஒரே தாரையாத்தான் தெரியும். எல்இடி பல்பை மங்க வைக்க வேகவேகமா அணைச்சு அணைச்சு எரிய வைப்போமே, பிடபிள்யூஎம், அதே டெக்னிக் தண்ணியில! இதைப் படிச்சதும் ஹோட்டல் ரூம்ல தனியா உக்காந்து கை தட்டினேன், நிஜமா.

ஃப்ளஷும் இதே சிக்கனக் கதைதான். 1976-ல நீர் சேமிப்பு மாடல்னு வந்ததே ஒரு ஃப்ளஷுக்கு 13 லிட்டர். இப்போ 3.8 லிட்டர்ல முடிக்கற மாடல்கள் இருக்கு, தண்ணியை மேல இருந்து கொட்டாம கோப்பையைச் சுத்திச் சுழல விட்டு.

சத்தம் போடற பட்டன் ஒண்ணு இருக்கே, அதுவும் தண்ணிக்காக வந்ததுதான். பெண்கள் கழிப்பறையில உள்ள நடக்கற சத்தம் வெளிய கேட்டா சங்கடம்னு ஒரு தடவைக்கு ரெண்டு மூணு ஃப்ளஷ் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அதுக்கு 1988-ல 'ஒதோஹிமே'ன்னு ஒரு சின்னக் கருவி, ஃப்ளஷ் சத்தத்தை ஸ்பீக்கர்ல மட்டும் போடும். இந்தச் சங்கடம் புதுசும் இல்ல. ஒகயாமாவுல ஒரு பழைய கோயில்ல, எதோ காலத்துல இதே சத்தத்தை மறைக்கறதுக்காகத் தண்ணி சொட்ட வச்ச ஒரு ஜாடி இன்னும் இருக்கு.

எல்லாமே இவ்வளவு அழகா யோசிச்சாங்கன்னு நினைச்சிடாதீங்க. 2013-ல லிக்ஸில் கம்பெனியோட சாடிஸ்னு ஒரு ப்ரீமியம் மாடல், ப்ளூடூத்ல ஃபோன் ஆப் மூலமா இயக்கலாம். ட்ரஸ்ட்வேவ்ங்கற செக்யூரிட்டி கம்பெனி பார்த்துட்டு அறிக்கை விட்டாங்க: எல்லா யூனிட்டுக்கும் ப்ளூடூத் பின் 0000, அதுவும் கோட்லயே எழுதி வச்சிருக்கு. அதாவது பக்கத்து ரூம்ல அந்த ஆப் வச்சிருக்கிற யார் வேணும்னாலும் உங்க மூடியைத் திறக்கலாம், ஃப்ளஷ் பண்ணலாம், நீங்க உக்காந்திருக்கும்போது தண்ணி அடிக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல ஷாக் அடிக்காம பார்த்துக்கிட்ட ஒரு துறை, பின் நம்பர்ல கோட்டை விட்டுச்சு. நம்ம துறை உள்ள நுழைஞ்சா இப்படித்தான்.

பட்டன் விஷயத்துல நான் முட்டாள் ஆனது என் தப்பு மட்டும் இல்ல. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு படம் போட்டு வெளிநாட்டுக்காரங்களைக் குழப்பினதால, 2017-ல ஒன்பது உற்பத்தியாளர்கள் சேர்ந்து எட்டு பொதுக் குறியீடுகளை அறிவிச்சாங்க. நான் தங்கின ஹோட்டல்ல இருந்தது அதுக்கு முந்தின தலைமுறை போல.

இப்போ ஆச்சிக்கு வருவோம். திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாம்னு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை வரைக்கும் போயிட்டேன். அட்டைப்பெட்டியில 100 வோல்ட்னு போட்டிருந்தது. நம்மளது 230. வச்சுட்டு வந்துட்டேன்.

சரி, இங்கயே 230 வோல்ட் மாடல் கிடைக்குது, அதைப் போடலாம்னா அடுத்த பிரச்சினை. ஜப்பான் வீட்டுல டாய்லெட் தனி ரூம், குளிக்கறது வேற ரூம். டாய்லெட் தரை நனையவே நனையாது, அதனால சீட் பக்கத்துலயே பிளக் பாயிண்ட் இருக்கும். நம்மளது ஒரே ரூம், பக்கெட்ல மொண்டு ஊத்தறோம், சுவரெல்லாம் தண்ணி. அங்க ஒரு பாயிண்ட் போடறதுக்கு நல்ல எர்த், ஆர்சிசிபி எல்லாம் இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ப்ளாட் கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, எர்த் எந்த லட்சணத்துல இருக்குன்னு எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்டரை வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம சிரிச்சார்.

அடுத்தது பிரஷர். பல மாடல்கள் குறைஞ்சபட்சம் 0.05 மெகாபாஸ்கல் கேக்குது. பத்து மீட்டர் உயரத் தண்ணிக்கு 0.1 மெகாபாஸ்கல், அப்போ இதுக்கு அஞ்சு மீட்டர் உயரம் வேணும். நாங்க கடைசி மாடி. டேங்குக்கும் சீட்டுக்கும் இடையில அளந்தா மூணரை மீட்டர் கூட வரல. பூஸ்டர் பம்ப் போடணும். அதுக்கு மேல போர் தண்ணி. ஷவர்ல ஆறு மாசத்துல வெள்ளையா உப்பு அடைக்குது, நாசில் ஓட்டை அதைவிடச் சின்னது.

சீட் சூடும் ஆச்சிக்கு ஆகாது. சென்னையில யாருக்கும் தேவையில்லங்கறது ஒரு பக்கம். இந்தக் கம்பெனிகளோட கையேடுகள்லயே எச்சரிக்கை இருக்கு: உணர்ச்சி குறைஞ்சவங்க, வயசானவங்க ரொம்ப நேரம் உக்காந்தா மிதமான சூட்டுலயே தோல் வெந்து போகலாம், சீட் ஹீட்டரை அணைச்சிடுங்கன்னு. ஆச்சிக்கு இடது தொடையில உணர்ச்சி குறைவு. எனக்கு ஒசாக்கா குளிர்ல சுகமா இருந்த அதே விஷயம் அவங்களுக்கு ஆபத்து.

கடைசியில போட்டது கரண்டே இல்லாத ஒரு பிடே சீட். நாலாயிரம் சொச்சம். நாசில் இருக்கு, திருகற ஒரு லீவர் இருக்கு, அவ்வளவுதான். லீவர் வலது பக்கம் வர்ற மாடலாப் பார்த்து வாங்கினேன், அது முக்கியம். முன்னாடி ஒரு சின்ன ஃபில்டர். வலது பக்கச் சுவர்ல ஒரு கைப்பிடிக் கம்பி. எங்க டேங்க் பிரஷருக்கு தாரை சுமாராத்தான் வருது, ஆனா வேலை முடியுது. இதுல ஒரு எச்சரிக்கை, வாங்கறவங்களுக்கு: நேரடி மோட்டார் லைன்ல பிரஷர் அதிகமா இருந்தா லீவரை மெதுவாத் திருகணும், வயசானவங்க தோல் தாங்காது. அதே மாதிரி நாள் முழுக்க மறுபடி மறுபடி கழுவினாலும் தோல் வறண்டு எரிச்சல் வரும்.

முதல் நாள் அம்மா உள்ள நின்னு எப்படித் திருகணும்னு காட்டிக்கொடுத்தாங்க. ரெண்டு தடவை ஆச்சி ரொம்பத் திருகி, தண்ணி முதுகு வரைக்கும் போய், சேலை நனைஞ்சு, "இந்த சனியன எவன்யா கேட்டான்"னு எனக்கு அர்ச்சனை. மூணாவது நாள் அம்மா உள்ள போகப் போனப்போ, "நீ ஏன் நிக்க? கதவச் சாத்திட்டுப் போ"ன்னுட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சு நான் ஆபீஸ் கால்ல இருக்கேன், வாக்கரைத் தட்டிக்கிட்டே என் ரூம் வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க. ம்யூட் போட்டுட்டு என்ன ஆச்சின்னேன்.

"ஏய்யா, அந்த ஜப்பான்காரன் சீட்டுல வென்னி வரும்னியே. இதுல வராதோ?"

எர்த் வேலைக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லியிருக்கார். கடைசி மாடியில இருந்துக்கிட்டு பூஸ்டர் பம்ப் போட்டவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, சத்தம் எவ்வளவு வருதுன்னு மட்டும் எனக்கு எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அது ஓடினா அம்மா எழுந்திடுவாங்க, அதைத்தான் ஆச்சி முதல்ல கேட்டாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.